அம்மாவுக்குக் கூடுதலா போட்ட பென்ஷனைப் பிள்ளைங்ககிட்ட கேட்டப்போ

அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் பல வருஷமா கூடுதலா போயிருக்கு, மொத்தம் 4,89,100 ரூபாய், அதைக் கட்டுனாத்தான் அம்மா பேர்ல இருக்குற டெபாசிட்டை விடுவோம்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. இந்த மாதிரி கேட்டா எங்க போய் என்ன பேசுறதுன்னு தெரியாம நிறையப் பேரு பயந்து போயி கட்டிட்டு வந்துர்றாக, எங்க சொந்தத்துலயே ரெண்டு வீட்டுல அப்படி நடந்துருக்கு. அதனாலதான் எங்களுக்கு நடந்ததை விவரமா எழுதுறேன்.

எங்களுக்கு ஊரு கல்லல். அப்பா ரயில்வேல கீமேன், காரைக்குடி மானாமதுரை லைன்ல வெயிலுலயும் மழையிலயும் தண்டவாளத்தை நடந்தே பாத்தவுக. 2011 ஜூன்ல ரிட்டயர் ஆனாக, 2013 ஐப்பசில தவறிட்டாக, 62 வயசுதான். அப்ப இருந்து அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வந்துச்சு, வருஷா வருஷம் நவம்பர்ல லைஃப் சர்ட்டிஃபிகேட்டும் தவறாம குடுத்துருவாக, பேங்க்ல எங்க கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வச்சுட்டு வருவாக, கணக்கு வழக்கெல்லாம் அவுகளுக்குத் தெரியாது. 2024 ஜனவரி கடைசில அம்மாவும் போய்ட்டாக.

முதல்ல இந்தக் கூடுதல்ங்கிறது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிர்றேன், ஏன்னா இதுதான் ரொம்ப வீட்டுல நடக்குது. மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்ல குடும்ப ஓய்வூதியம் ரெண்டு ரேட்டு. ஆரம்பத்துல கொஞ்ச காலத்துக்குக் கடைசிச் சம்பளத்துல பாதி கிடைக்கும், இதை என்ஹான்ஸ்டு ரேட்டுன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் 30 சதவீதம்தான், ஆனா 2016ல இருந்து எவ்வளவு கொறஞ்சாலும் 9,000 ரூபாய்க்குக் கீழ போகாது. ரிட்டயர் ஆனவுக இறந்துட்டா அந்தப் பாதி ரேட்டு 7 வருஷம், இல்லாட்டி இறந்தவுகளுக்கு 67 வயசு ஆகியிருக்க வேண்டிய தேதி, இதுல எது முந்தியோ அதுவரைக்கும். எங்க அப்பாவுக்கு 67 ஆகியிருக்க வேண்டியது 2018 ஜூன். அதனால 2018 ஜூலைல இருந்து அம்மாவுக்கு 14,000 அடிப்படைல இருந்து 9,000த்துக்குக் கொறச்சிருக்கணும், அப்பாவோட சம்பளம் ஏழாவது சம்பள கமிஷன் கணக்குல 28,000, அதுல 30 சதவீதம் 8,400தான் வரும், அதனால குறைந்தபட்சமான 9,000. பேங்க் கொறைக்கல. 14,000மே போட்டுக்கிட்டு இருந்துருக்காங்க, அதுக்கு மேல டிஏவும், அதாவது அகவிலைப்படியும் சேத்து. அம்மா தவறுனதைச் சொல்லி டெத் சர்ட்டிஃபிகேட் குடுத்த பிறகுதான் அவுக பென்ஷன் செக்‌ஷன்ல ஃபைலை எடுத்துப் பாத்து இதைக் கண்டுபிடிச்சாங்க.

அந்தத் தேதி பிபிஓலயே, அதாவது பென்ஷன் குடுக்கச் சொல்லிப் போடுற உத்தரவுத் தாள்லயே, அச்சடிச்சு இருக்கு. எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு, அதுக்கப்புறம் எவ்வளவுன்னு தெளிவா ரெண்டு வரி. அம்மாவோட டிரங்குப் பெட்டில துணிக்கு அடியில ஒரு பாலிதீன் கவர்ல அந்த பிபிஓ இருந்துச்சு, எங்களுக்கு அப்புறம் கை குடுத்தது அந்தத் தாள்தான். ஏன்னா தேதி எழுதிக் குடுத்தும் கவனிக்காம விட்டது பேங்க், எங்க அம்மா எதையும் மறைச்சு வாங்கலங்கிறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

தம்பி திருப்பூர்ல இருக்கான், டெபாசிட்டுக்கு அவன்தான் நாமினி. பேங்க்ல அவனைத் தனியாக் கூப்பிட்டு ஒரு கன்சென்ட் லெட்டரை நீட்டி, இதுல கையெழுத்துப் போட்டா 4,89,100 கழிச்சுக்கிட்டு மிச்சத்தை ஒரு வாரத்துல குடுத்துருவோம்னு சொல்லியிருக்காங்க. அவன் எனக்குப் போன் பண்ணி, "அக்கா, அம்மா பேர்ல கடன் நிக்கக் கூடாதுக்கா, போனவுக ஆத்மா சாந்தியா இருக்கணும், கட்டி விட்ருவோம்"னான். எனக்கும் அது மனசுல தச்சுச்சு. எங்க பக்கம் கடன்ங்கிறது சாதாரண சங்கதி இல்ல, வரவு செலவு நேரா இருக்கணும்னு பேரேட்டை வச்சுக்கிட்டு வாழ்ந்த ஊருக, பெத்தவுக கடனைப் பிள்ளை தீக்கலன்னா நாலு பேரு பேசுவாக. ஆனா கடன்னா அது அவுக கேட்டு வாங்குனதா இருக்கணும், இல்லாட்டி தெரிஞ்சே மறைச்சு வாங்குனதா இருக்கணும். பேங்க் தானா கூடப் போட்டு, அதுல மருந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு உசிரோட இருந்த ஒருத்தியோட பேரு கெட்டுப் போச்சுன்னு நாமளே நெனைக்கிறது தப்புன்னுதான் நான் தம்பிகிட்ட சொன்னேன், கையெழுத்து மட்டும் போட்றாத, எழுத்துல கேக்கச் சொல்லுன்னேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். நாமினிங்கிறவன் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் குடுக்க வேண்டிய ஆளு, அவனே சொந்தக்காரன் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டு 1983லயே இன்சூரன்ஸ் வழக்குல சொன்னது, 2023 டிசம்பர்ல ஷேர் விஷயத்துலயும் அதையேதான் சொல்லியிருக்கு. அதனால தம்பி ஒருத்தன் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, நானும் புதுக்கோட்டைல இருக்குற தங்கச்சியும் வாங்க வேண்டிய பங்கையும் சேத்து விட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும், நாளைக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்குள்ள மனக்கசப்புதான் மிச்சம். நாங்க முதல்ல இ-சேவைல வாரிசு சான்றிதழுக்குப் போட்டோம், விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வந்துச்சு, அது கைல வந்த பிறகு மூணு பேரும் ஒண்ணாச் சேந்துதான் எந்த லெட்டரும் குடுத்தோம்.

அடுத்து கணக்கு. கூடுதல்னு வாயால ஒரு தொகையைச் சொன்னா அதை ஒத்துக்கக் கூடாது. டியூ அண்ட் டிரான் ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு இருக்கு, மாசா மாசம் குடுக்க வேண்டியது எவ்வளவு, குடுத்தது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவுன்னு வரிசையா இருக்கும், அதைக் கேட்டு வாங்கணும். ஆரம்பத்துல அதெல்லாம் சென்னைலதான் இருக்கு, வராதுன்னாங்க, எழுதிக் குடுத்த பிறகு வந்துச்சு.

எங்க பெரியப்பா தேவகோட்டைல ஒரு செட்டியார் வீட்டுல காலமெல்லாம் கணக்கப்பிள்ளையா இருந்தவுக. இப்ப கண்ணு சரியாத் தெரியாது, நான் வாசிக்க வாசிக்க அவுக மனக்கணக்காவே போட்டுக்கிட்டு வந்தாக. நாலாவது வரியிலயே நிறுத்திட்டாக. "ஏத்தா, 2018லயும் 46 சதவீதமா டிஏ குடுத்தான் கவர்மென்டு?"ன்னு கேட்டாக. அங்கதான் விஷயமே இருந்துச்சு. வித்தியாசம் மாசம் 5,000, அதுக்கு மேல டிஏ. பேங்க்ல என்ன செஞ்சிருக்காங்கன்னா அம்மா தவறுனப்ப நடந்துக்கிட்டு இருந்த 46 சதவீதத்தை 67 மாசத்துக்கும் ஒரே மாதிரி போட்டு இழுத்துட்டாங்க. நெசத்துல 2018 ஜூலைல டிஏ 9 சதவீதம், 2019 ஜனவரில 12, ஜூலைல 17, அப்புறம் கொரோனா வந்து 2021 ஜூன் வரைக்கும் அந்த 17லயே நிறுத்தி வச்சுட்டாங்க, 2021 ஜூலைல இருந்து 31, அதுக்கப்புறம் ஆறு ஆறு மாசத்துக்கு 34, 38, 42, 46. அப்படி அப்படியே போட்டுப் பாத்தா 4,21,300தான் வருது. அதாவது பேங்க் கேட்டதுல 67,800 ரூபாய் அம்மா கைக்கு வரவே இல்லாத பணம். குடுக்காத காசைத் திருப்பிக் கேட்டுருக்காங்க. பாஸ்புக்ல மாசா மாசம் வரவு ஏறியிருக்கே, அதை வச்சு ஒத்துப் பாத்தாலே தெரிஞ்சிரும். அதனால பழைய பாஸ்புக்கு எதையும் கருமாதி முடிஞ்ச கையோட வீடு சுத்தம் பண்றேன்னு தூக்கிப் போட்றாதீக.

சரி, கணக்கு கொறஞ்சுச்சு, மிச்சம் 4,21,300 கட்டணுமா வேண்டாமா? இங்க ரெண்டு சங்கதியை எல்லாரும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

ஒண்ணு, பிள்ளைங்க சொந்தக் காசுல கட்டணுமாங்கிறது. கட்ட வேண்டியதில்ல. சிவில் நடைமுறைச் சட்டம் 50, 52 பிரிவுகள்ல இருக்கு, இறந்தவுக விட்டுட்டுப் போன சொத்துல நம்ம கைக்கு எவ்வளவு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. நம்ம சம்பளத்தையோ நம்ம நகையையோ தொட முடியாது. அப்பன் கடனை மகன் தீக்குறது தர்மம்னு இந்து சட்டத்துல பழைய காலத்துல ஒரு கடமையாவே வச்சிருந்தாங்க, அதையும் 2005 திருத்தத்துல எடுத்துட்டாங்க, வாரிசுரிமைச் சட்டம் 6ஆம் பிரிவுல 4ஆவது உட்பிரிவு. தம்பிகிட்ட போன்ல, "நீங்க கட்டலன்னா உங்க அக்கவுன்ட்ல கை வைப்போம்"னு யாரோ பேசியிருந்தாங்க, அவனோட திருப்பூர் சம்பள அக்கவுன்ட்டும் அதே பேங்க்தான். இந்தப் பிரிவை எழுதிக் காட்டுன பிறகு அந்தப் பேச்சு நின்னு போச்சு.

ஆனா இது டெபாசிட்டைக் காப்பாத்தாது, இதைப் புரிஞ்சுக்கணும். டெபாசிட் அம்மாவோட சொத்து, அப்பாவுக்கு வந்த கிராஜுவிட்டில போட்டது. சொத்து அளவுக்குப் பொறுப்புன்னு சட்டம் சொல்லும்போது அந்தச் சொத்தே அவங்க கைலதான் இருக்கு. அதனால ரெண்டாவதா கேக்க வேண்டியது, இந்தப் பணத்தை வசூல் பண்றதே செல்லுமாங்கிறது.

அதுக்குத்தான் 2014 டிசம்பர்ல வந்த ரஃபீக் மசீஹ் தீர்ப்பு. பஞ்சாப் அரசு போட்ட வழக்கு, சுப்ரீம் கோர்ட்டு அதுல எந்தெந்த சமயத்துல கூடக் குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாதுன்னு வகை பிரிச்சுச் சொல்லியிருக்கு. சி, டி குரூப் ஊழியர்கள்கிட்ட வாங்கக் கூடாது, ரிட்டயர் ஆனவுககிட்ட வாங்கக் கூடாது, அஞ்சு வருஷத்துக்கு மேல கூடுதலா குடுத்துட்டு அப்புறம் வந்து கேக்கக் கூடாது, வாங்குறது ரொம்பக் கொடுமையா இருக்கும்னு கோர்ட்டு நெனைச்சா அப்பவும் கூடாது. இதை வச்சு 2016 மார்ச்சுல மத்திய அரசே எல்லாத் துறைக்கும் உத்தரவு அனுப்பியிருக்கு. 2022 மே மாசம் தாமஸ் டேனியல்ங்கிற கேரளா வாத்தியார் வழக்குலயும், அவரு பொய் சொல்லியோ ஏமாத்தியோ வாங்கல, அதனால திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அப்பா கீமேன், எங்களுக்கு 2018 ஜூலைல இருந்து 2024 ஜனவரி வரைக்கும்னா அஞ்சு வருஷத்தைத் தாண்டிருச்சு, ஏமாத்து எதுவும் இல்ல.

இது எல்லாருக்கும் தானா கிடைச்சிரும்னு நெனைக்க வேண்டாம். கோர்ட்டே இதை உரிமையா சொல்லல, நியாயம் பாத்துக் குடுக்குற நிவாரணம்னுதான் சொல்லுது. பென்ஷன் ஆரம்பிக்கும்போது, கூடுதலா வந்தா திருப்பித் தர்றேன்னு ஒரு உறுதிமொழில கையெழுத்து வாங்கியிருப்பாங்க, எங்க அம்மாகிட்டயும் வாங்கியிருந்தாங்க, பேங்க் அதைத்தான் முதல்ல நீட்டும். 2016ல ஜக்தேவ் சிங் வழக்குல அப்படி எழுதிக் குடுத்த ஒரு நீதிபதிகிட்ட வசூல் பண்றது செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அவரு பெரிய பதவில இருந்தவரு, விவரம் தெரிஞ்சு எழுதிக் குடுத்தவரு, கைநாட்டு வச்ச எங்க அம்மாவையும் அவரையும் ஒண்ணா நிறுத்த முடியாதுன்னு நாங்க எழுதுனோம், எனக்கு இப்பவும் அது சரின்னுதான் படுது.

அதோட ரிசர்வ் பேங்க் 2021 ஜனவரில பென்ஷன் குடுக்குற பேங்குகளுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பியிருக்கு. பேங்க் தப்புனால கூடப் போயிருந்தா, பென்ஷன்தாரர்கிட்ட வசூலாகுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம அந்தத் தொகையை மொத்தமா அரசாங்கத்துக்கு உடனே பேங்க் கட்டிரணும், பென்ஷன்தாரர்கிட்ட எப்படி வசூல் பண்றதுங்கிறதை பென்ஷன் சாங்ஷன் பண்ணுன துறைகிட்ட கேட்டுத்தான் செய்யணும்னு அதுல இருக்கு. இதை எங்களுக்குச் சொன்னது அப்பாகூட வேலை பாத்து ரிட்டயர் ஆகி பென்ஷனர் சங்கத்துல இருக்குற ஒரு மாமா. அவுக சொல்லித்தான் நாங்க பேங்குகிட்ட, நீங்க ரயில்வேகிட்ட கேட்டீங்களா, கேட்டிருந்தா அந்தக் கடிதத்தோட காப்பி குடுங்கன்னு எழுதுனோம். பதில் இல்ல. கேக்கவே இல்லன்னு எங்களுக்குப் புரிஞ்சுச்சு. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வச்சு ரயில்வே மதுரைக் கோட்டத்துக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு, ஏழாவது சம்பள கமிஷனுக்கு அப்புறம் திருத்துன பிபிஓ காப்பியையும் வாங்குனோம், அதுலயும் அந்த 2018 தேதி இருந்துச்சு.

லெட்டர் எழுதும்போது கோவமா எதுவும் எழுதாதீக. எந்த விதிப்படி டெபாசிட்டை நிறுத்தி வச்சிருக்கீங்க, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் எவ்வளவு, தப்பு யாரோடது, எங்க அம்மா எதையாவது மறைச்சாகளா, மறைச்சிருந்தா அதுக்கு என்ன ஆதாரம், இவ்வளவுதான் கேட்டோம். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கணும், கிளையில வாங்க மறுத்தா அக்னாலெட்ஜ்மென்ட் வச்சு ஸ்பீட் போஸ்ட்ல விட்ருங்க. 30 நாள்ல பதில் வரல, இல்லாட்டி வந்த பதில் சரியில்லன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைன்லயே போடலாம், 14448க்குப் போன் பண்ணிக் கேட்டாலும் விவரம் சொல்லுவாங்க. ஆனா பேங்குக்கு முதல்ல எழுதாம நேரா அங்க போனா எடுத்துக்க மாட்டாங்க.

நாங்க ஆம்பட்ஸ்மேன்கிட்ட போட்ட பிறகுதான் பேங்க் ரயில்வேக்கு எழுதுச்சு. கூடுதல் போனதுக்குக் குடும்பம் காரணம் இல்ல, பேங்க் கவனிக்காததுதான்னு அங்க இருந்து பதில் வந்துச்சு. ஆடி தாண்டி ஒரு நாள் தம்பிக்குப் போன் வந்துச்சு, டெபாசிட்டை விடுறோம், வந்து வாங்கிக்கங்கன்னு.

இதுல பிப்ரவரி மாசப் பென்ஷன் தனி. அம்மா தவறுன பிறகு, நாங்க டெத் சர்ட்டிஃபிகேட் குடுக்குறதுக்குள்ள பட்டியல் போயிருந்ததால அந்த மாசத்துக்கும் முழுசா ஏறியிருச்சு. அதை நாங்க தொடல, பேங்க் எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு நாங்க ஒரு வார்த்தை பேசல. பென்ஷன்ங்கிறது ஆளு இருக்குற வரைக்கும்தான், போன பிறகு ஏறுற காசு அவுக சொத்தும் இல்ல நம்ம காசும் இல்ல. ஏடிஎம் கார்டு வீட்டுல இருக்கு, பின் நம்பர் தெரியும்னு காரியச் செலவுக்கு எடுத்துர்றாங்க நிறையப் பேரு, துக்க வீட்டுல கைல காசு இருக்காதுங்கிறது எனக்கும் தெரியும், ஆனா அப்படி எடுத்துட்டா நம்ம பக்கம் இருக்குற சுத்தமான நியாயமும் கெட்டுரும், மேல சொன்ன எந்தத் தீர்ப்பும் கூட வராது. முதியோர் உதவித்தொகைக்கும் இதே கதைதான். அதே மாதிரி, 25 வயசு தாண்டுன பையன் தாண்டலன்னு சொல்லி வாங்குறது, மறுமணத்தை மறைச்சு வாங்குறது, இதெல்லாம் தெரிஞ்சே வாங்குன பணம், அதைத் திருப்பிக் குடுக்குறதுதான் சரி, அதுக்கு நான் யாருக்கும் வழி சொல்ல மாட்டேன்.

டெபாசிட்டை விடுறோம்னு சொன்ன உடனே ஓடிப் போய் வாங்கிட்டு வந்துறாம, இந்த பிபிஓ நம்பர்ல எங்க அம்மா பேர்லயோ வாரிசுகள் பேர்லயோ பாக்கி எதுவும் இல்லன்னு எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். மேனேஜர் அது வழக்கம் இல்லன்னாரு. நாங்க எழுதியும் குடுத்துட்டோம், கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டு வரில ஒரு லெட்டர் வந்துச்சு. இது ஏன் வேணும்னா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆடிட்ல வேற யாராவது வந்து அதே ஃபைலைத் தூக்கி மறுபடி கேப்பாங்க, அப்போ இந்த மேனேஜர் மாறிப் போயிருப்பாரு. டெபாசிட்டை மூணாப் பிரிச்சு மூணு பேரு அக்கவுன்ட்லயும் செக்காவே வாங்கிக்கிட்டோம்.

உங்க வீட்டுல அம்மாவோ அப்பத்தாவோ இப்ப ஃபேமிலி பென்ஷன் வாங்கிக்கிட்டு இருந்தா, அவுக இருக்கும்போதே பிபிஓல அந்த என்ஹான்ஸ்டு தேதி என்னன்னு எடுத்துப் பாருங்க, பாஸ்புக்ல அந்தத் தேதிக்கு அடுத்த மாசம் தொகை கொறஞ்சிருக்கான்னு பாருங்க. கொறையலன்னா சும்மா இருக்காம நீங்களே பேங்குக்கு எழுத்துல சொல்லிருங்க, சீல் போட்ட காப்பியை பிபிஓ கூடவே வச்சுருங்க. மாசம் வர்றது கொறையும், அது வீட்டுக்குக் கஷ்டம்தான், ஆனா பழைய பாக்கியைப் பத்தி நாளைக்குப் பேச்சு வந்தா நாங்களாத்தான் வந்து சொன்னோம்னு காட்ட அந்தத் தாள் இருக்கும்.